பைக் சீட்டில் நான்கு கோழிகள்

எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு வீடு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எனக்கே தனி அறை இல்லை, அவற்றுக்குத் தனி வீடே இருக்கிறது! அப்பா தச்சர். பின்கட்டில் ஆள் நிமிர்ந்து நுழையும் உயரத்துக்குக் கூண்டு செய்து வைத்திருக்கிறார். கம்பிவலை ஜன்னல், முட்டையிட வைக்கோல் போட்ட பெட்டிகள், தரையில் மரத்தூள், கீரி நுழையாதபடி நல்ல கதவு. கதவில் பூ வேலைப்பாடு வேறு.

அவ்வளவும் இருந்து, பொழுது சாய்ந்தால் அவை எங்கே போய் உட்காரும் தெரியுமா? பக்கத்து வீட்டு மாமாவின் பைக் சீட்டில்!

மொத்தம் நான்கு. எல்லாரையும் முறைத்துப் பார்க்கும் கறுப்புக் கோழிக்குத் தலைமை ஆசிரியை என்று பெயர். எதற்கெடுத்தாலும் கத்துவது சைரன். தின்பதைத் தவிர வேறு வேலை தெரியாதது குண்டம்மா. மற்ற மூன்றும் என்ன செய்தாலும் தானும் அதையே செய்கிற நாலாவது கோழியின் பெயர் 'நானும்'.

தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, மரத்தூளைக் கிளறிவிடுவது எல்லாம் என் வேலை. அதெல்லாம் சந்தோஷமாகச் செய்வேன். ஆனால் தினமும் சாயங்காலம் பைக்கிலிருந்து இவற்றைப் பிடித்து வருவது இருக்கிறதே, ஐயோ! ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று பறக்கும். குண்டம்மாவைத் தூக்கினால் சைரன் ஊரைக் கூட்டும். உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாலும் நிம்மதி கிடையாது. தொப், தொப் என்று ஏதோ விழும் சத்தம். காலையில் பார்த்தால் முட்டைப் பெட்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, பெட்டியை நாசம் பண்ணி வைத்திருக்கும்.

"பாப்பா, நேத்து சீட்டைப் பாக்காம உக்காந்துட்டேன்" என்றார் மாமா, பரிதாபமாக. "ஆபீஸ்ல எல்லாரும் என் பேன்ட்டையே பாக்கறாங்க."

அம்மாவுக்கு மாமாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. "இதோட சரி. ஞாயித்துக்கிழமை சித்தி வர்றா. அன்னைக்கும் அதுங்க பைக்ல போய் ஏறிச்சுன்னா, நாலையும் சித்தி கூடையில போட்டு அனுப்பிடுவேன்" என்றாள்.

சித்தி நல்லவள்தான். ஆனால் அவள் வீட்டுக்குப் போன கோழி எதுவும் அப்புறம் நடமாடியதாகத் தகவல் இல்லை.

பட்டறையில் இருந்த அப்பாவிடம் ஓடினேன். "அப்பா, கூண்டுல ஏதாவது கோளாறு இருக்குமோ?"

கேட்டது தப்பாகிவிட்டது.

"கோளாறா? நான் செஞ்சதுலயா?" அப்பா உளியைக் கீழே வைத்தார். "அதுங்க உக்கார்ற கட்டையைப் போய்ப் பாரு. உருட்டிக் கடைஞ்சு, தேய்ச்சு, மேல மேல பாலிஷ் போட்டிருக்கேன். மூஞ்சி தெரியும்! அந்தக் கழுதைங்களுக்கு ரசனை இல்லன்னா நான் என்ன பண்றது?"

அப்பாவிடம் அவர் வேலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஒருமுறை யாரோ, "நாற்காலி ஆடுது" என்று சொன்னதற்கு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. கடைசியில் பார்த்தால் கோணலாக இருந்தது அவர்கள் வீட்டுத் தரை.

சனிக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே நான்கையும் பிடித்துக் கூண்டில் விட்டேன். நானும் உள்ளேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது!

வெளிச்சம் மங்கியது. தலைமை ஆசிரியை எம்பிக் கட்டையில் ஏறியது. கால் விரல்கள் பிடிக்கப் பார்த்தன. சறுக், சறுக், படபட, தொப்! அடுத்து சைரன், கத்திக்கொண்டே தொப். குண்டம்மா விழுந்ததில் மரத்தூள் என் மூக்கு வரை பறந்தது. கடைசியாக 'நானும்'. அதுவும் தொப்.

நான்கும் என்னவோ நான்தான் தள்ளிவிட்டேன் என்பதுபோல் என்னை முறைத்தன. கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று கை நழுவியது. அட, பாவமே! இத்தனை நாளும் இவற்றையா திட்டித் தீர்த்தேன்? எனக்கே என் மேல் கோபம் வந்தது.

சரி, இதை அப்பாவிடம் யார் சொல்வது?

அதற்குள் அவரே வந்துவிட்டார். "உள்ள என்ன பண்ற?"

"அப்பா... கோழிங்களால இதுல நிக்க முடியல."

"நிக்க முடியலையா? யானை நின்னாலும் உடையாது! இந்தா, பாரு."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டையின்மேல் ஏறினார். கட்டை உடையவில்லை. அப்பாதான் காணாமல் போனார்.

தொப்!

"எது விழுந்தது?" என்று அம்மா ஓடிவந்தாள். மரத்தூளில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அப்பா எங்களைப் பார்க்கவில்லை. கட்டையைத்தான் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே உள்ளே போய்விட்டது.

"கட்டை ஆடக்கூட இல்லப்பா" என்றேன். "ஆனா கோழிங்களுக்கு இது ரொம்ப ஒசத்தி. கால்ல பிடிமானம் கிடைக்கல. இத நம்ம கூடத்து ஜன்னல் திரைக்குப் போட்டா, வர்றவங்க எல்லாரும் பாப்பாங்க."

"ஆமாங்க, கயித்துலதானே திரை தொங்குது" என்றாள் அம்மா சட்டென்று. "தச்சர் வீடுன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?"

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டினார். "அப்போ இதுங்களுக்கு?"

பட்டறையின் கழிவுக் குவியலிலிருந்து ஒரு தடிக் கிளையை இழுத்து வந்தேன். பட்டை உரியாமல், கணு கணுவாக, சொரசொரவென்று இருந்தது.

"அடுப்புக்கு ஒதுக்கினத எடுத்துட்டு வர்றியே! சீவாம எப்படிப் போடறது?"

"சீவாதீங்கப்பா."

"ஓரத்துல மட்டும் லேசா..."

"அப்பா!"

"சிராய் இருந்தா அதுங்க கால்ல குத்தும்டி."

"சிராய் மட்டும் எடுங்க. இழைப்புளிய நான் வெச்சுக்கறேன்." வாங்கி முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். அவர் கையை நம்ப முடியாது. அன்று இரவே அப்பா கிளையைப் பட்டையோடு கூண்டில் பொருத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தி கூடையோடு வந்தாள். பைக் பக்கத்தில் மாமா காவலுக்கு நின்றார். நாங்கள் யாரும் கோழிகளைத் தொடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

தலைமை ஆசிரியை நேரே பைக்கை நோக்கி நடந்தது. டயரை ஒரு கொத்துக் கொத்தியது. மாமாவை முறைத்தது. அப்புறம் திரும்பி, சாவகாசமாகக் கூண்டுக்குள் போனது. பின்னாலேயே சைரன், குண்டம்மா. 'நானும்' மட்டும் நடுவில் நின்று பைக்கைப் பார்த்தது, கூண்டைப் பார்த்தது.

"போயேன், சனியனே!" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

போனது.

எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒரு தொப்கூட இல்லை. எட்டிப் பார்த்தேன். நான்கும் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன.

சித்தி என் தோளுக்கு மேலே தலையை நீட்டினாள். "இவ்வளவு அழகான கூண்டுக்குள்ள இந்தக் கண்றாவிக் கட்டைய யாரு போட்டது?"

அப்பா வானத்தைப் பார்த்தார். சித்தி வெறும் கூடையோடு உள்ளே போகும்வரை காத்திருந்து, என் பக்கம் குனிந்தார்.

"நான்தான் போட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார், கோழிகளுக்குக்கூடக் கேட்காத குரலில்.