சற்றே நகர்ந்த பள்ளம்

வாலுவின் அம்மா ஆறு வருடமாக மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இதுவரை அவளை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அன்று பள்ளி விட்டு நேரே அங்கே வந்த வாலு, அம்மா முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

மேசையில் இரண்டு வரைபடங்கள் கிடந்தன. அசிட்டோன் என்ற திரவத்தின் வழியே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி எடுத்தவை. திரவம் எந்த ஒளியை விழுங்குகிறதோ, அந்த இடத்தில் கோடு பள்ளமாக இறங்கும். கோப்பில் இருந்த பழைய தாளில் பள்ளம் ஓரிடத்தில் இருந்தது. அம்மா இன்று எடுத்ததில் அது சற்றே நகர்ந்திருந்தது.

அம்மா பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டாள் என்று மேலாளர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நாளையிலிருந்து அவள் கருவியைத் தொடக்கூடாதாம்.

"நான் மாத்தலடி. ஆனா இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு," என்றாள் அம்மா.

வாலு இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். பழைய தாளின் மூலையில் பொடி எழுத்தில் 'ஹெக்சேனில் கரைத்தது' என்று எழுதியிருந்தது.

"நீ இன்னைக்கு எதுலயாவது கரைச்சியாம்மா?"

"இல்லையே. அப்படியேதான் வச்சேன்."

அசிட்டோன் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு முனையில் கொஞ்சம் நேர்மின், மறுமுனையில் கொஞ்சம் எதிர்மின் இருக்கும் என்று அம்மாதான் ஒருமுறை சொல்லியிருந்தாள்.

"அப்ப அதுங்க நெருக்கமா இருந்தா ஒண்ணை ஒண்ணு இழுக்கும்ல? பக்கத்துல நிக்கிறவ என் கையைப் பிடிச்சு இழுத்தா, என்னால இஷ்டத்துக்கு ஆட்ட முடியாதே. கரைச்சா தள்ளித் தள்ளிப் போயிடும்மா."

அம்மா சட்டென்று எழுந்தாள். இழுபடும் மூலக்கூறு சற்று மெதுவாக அதிரும்; ஹெக்சேன் என்ற திரவத்திலோ அப்படி இழுக்கும் மின்முனைகள் இல்லை. அதிர்வு மாறினால் அது விழுங்கும் ஒளியும் மாறும். அவள் படித்த பாடம்தான். பட்ட அவமானத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

அதே பாட்டிலிலிருந்து ஒரு துளி எடுத்து ஹெக்சேனில் கரைத்து, மறுபடி வரைபடம் எடுத்தாள். பள்ளம் பழைய தாளில் இருந்த இடத்திலேயே வந்து விழுந்தது.

மேலாளரை வரவழைத்து மூன்று தாள்களையும் காட்டினாள். பழைய தாள் அவரே எடுத்தது. அவர் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லார் முன்னாலயும் உங்களைச் சொல்லிட்டேன். நாளைக்கு எல்லார் முன்னாலயும் அது என் தப்புன்னு சொல்றேம்மா."

"எதுக்கும் நீங்களே ஒரு தடவை எடுத்துப் பாத்துடுங்க சார்." அம்மா பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

மேலாளர் தலையசைத்து மறுத்தார். "எதுக்கு? அதான் நீங்க எடுத்தாச்சே."