வானம் பார்த்துத் தேதி சொல்பவன்

பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையில் ஸ்கூட்டியைத் திருப்பிய கிரேஸின் முன்னால் ஒருவன் குறுக்கே வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் தெரு நீளத்துக்கும் தறிக்காக இழுத்துக் கட்டிய அரக்குப் பட்டு இழைகள்... இன்னும் இரண்டடி போயிருந்தால் அத்தனையும் சக்கரத்தில் சுற்றியிருக்கும்.

"பாவு போட்டுக்கினு இருக்கோம். கண்ணு தெரியலையாம்மா?"

கண்ணா? அவன் கண்களைத்தானே பார்த்துக்கொண்டு நின்றாள் பாவி! திட்டும்போதுகூடச் சிரிக்கிற கண்கள்...

அரை மணி நேரம் கழித்து, அவள் வேலைக்கு வந்த பட்டு நிறுவனத்தின் மேற்பார்வையாளர் தனசேகரன் அவன்தான் என்று தெரிந்தபோது இருவருமே அசடு வழிந்தார்கள். கடை ஆர்டர், சாயம், பாவு, தறி என்று தனித்தனியாகக் கிடந்த நான்கையும் ஒரே ஆப்பில் இணைப்பது அவள் வேலை. அதற்காக இரண்டு மாதம் அவன் பின்னாலேயே நடந்தாள். எந்தத் தறியில் எந்தச் சேலை எத்தனை முழம் வந்திருக்கிறது என்று எதையும் பார்க்காமல் சொல்வான். என்ன ஞாபகம் இது என்று வியந்து வியந்து, குறிப்பெடுக்க மறந்துபோவாள்.

ஒன்றை மட்டும் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். மழை வந்தால் தெருவில் பாவு போட முடியாது. அதனால் சாயம் முடிந்ததுமே, சேலை கிடைக்கும் தேதியைக் கடைக்குச் சொல்லக் கூடாது. வானத்தைப் பார்த்து, தான் சொன்ன பிறகே சொல்ல வேண்டும். ஓர் ஆளுக்காகக் காத்திருக்கவா ஆப்? கிரேஸ் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டாள்.

ஐப்பசியில் ஆறு நாள் விடாத மழை. ஆப் தன்பாட்டுக்கு எல்லோருக்கும் தேதி அனுப்ப, பதினொரு கல்யாணச் சேலைகள் தேதி தவறின. முதலாளி துர்காதேவி காரணம் கேட்டபோது, விவரத்தைத் தனசேகரன் சரியாகப் பதியவில்லை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள் கிரேஸ். பழியை அவன் அப்படியே ஏற்றுக்கொண்டான். அன்றே பொறுப்பு பறிபோய், சாயப்பட்டறைக்கு அனுப்பப்பட்டான்.

இரண்டு நாள் வீம்பு தாங்கியது. மூன்றாம் நாள் துர்காதேவியிடம் போய்த் தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டாள். அவன் சம்மதம் இல்லாமல் தேதி போகாதபடி ஆப்பை மாற்றிவிட்டு, நனைந்தபடியே பட்டறைக்கு ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டவன் பதறினான். "நீ எதுக்கும்மா போய்ச் சொன்ன? உன் வேலைக்கே உலை வச்சிருப்பாங்களே."

நீ...! இத்தனை நாளும் வாங்க, போங்கதான்.

"மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன் சார்... இல்ல, பொய். உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

கூரை மேல் மழை கொட்டியது. கையில் சாயத்தோடு அவன் தலைகுனிந்து நின்றான். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் திரும்பினாள்.

"கிரேஸ்... எங்கம்மாவ எப்ப கூட்டிக்கினு வரட்டும்?"

"ஞாயித்துக்கிழமை," என்றாள், அழுதுகொண்டே. "சர்ச் முடிஞ்சதும் வாங்க."