கரைப் பக்கத்து நாடா

தேவகியின் நாடா அரை நொடி தாமதமாக வந்தது.

வேறு யாராவது என்றால் கவனித்திருக்கவே மாட்டார்கள். பரமசிவம் இருபத்தேழு வருஷமாக மனைவியோடு ஒரே தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவர். அவர் எறியும் நாடாக்கட்டை குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு வலது பக்கம் ஓடும். அங்கே அவள் அதைக் கரை நூலோடு கோத்துத் திருப்பி அனுப்புவாள். பேச்சே கிடையாது, சத்தம்தான் பேச்சு. அன்று அந்தச் சத்தத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. திரும்பிப் பார்த்தார். அவளுடைய இடது கடைவாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை.

"இன்னாமா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லீங்க. முதுகுத்தண்டுலேர்ந்து யாரோ ஒவ்வொரு நூலா உருவுற மாதிரி இருக்குது."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்தாள். மின்விசிறி கிறீச்சிட, ஜன்னல் வழியே சாயத்தின் புளித்த வாடை வர, தெரு முழுக்கத் தறிகள் தடதடக்க, அவரும் பக்கத்தில் சாய்ந்து கண்ணயர்ந்தார். புரண்டு படுத்தபோது அவள் முகம் தெரிந்தது. வலது கண் மூடியிருந்தது. இடது கண் மூடவில்லை. மெல்லிய குறட்டை விட்டுக்கொண்டே அந்த ஒற்றைக் கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

சின்ன காஞ்சிபுரத்து டாக்டர் ராஜகோபால், முகத்து நரம்பு செயலிழந்திருக்கிறது என்றார். அமெரிக்காவிலிருந்து மகள் புவனேஸ்வரி போனில் வேறு ஒரு சந்தேகம் கிளப்பினாள். நாலு மாதத்துக்கு முன்னால் தன் பிரசவத்துக்காக அமெரிக்கா வந்திருந்தபோது, அம்மாவை உண்ணி கடித்ததா? அந்த ஊரில் உண்ணிக்கடியால் லைம் என்று ஒரு நோய் வரும், நரம்புக்குள் போகும். கடித்ததுதான். மாட்டுக்குப் பிடுங்குவதுபோல முழங்கால் மடிப்பிலிருந்து பிடுங்கி, சுண்ணாம்பு தடவிவிட்டு, தேவகி அதை மறந்தும் போயிருந்தாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். சீட்டு எழுதும்போது கேட்டார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?"

"பிரஷருக்கு மட்டுந்தான் சார்."

பொய். மூன்று வருஷத்துக்கு முன் தேவகிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், தன்னுடையதில் ஒன்றை அவர் கொடுத்திருந்தார். ஊரில் மூச்சு விடவில்லை. ஒற்றைச் சிறுநீரகக்காரன் நாள் முழுக்கத் தறிக்குழியில் உட்காருவானா என்று முதலாளி யோசிப்பார். கனமான ஜரிகைப் புடவைக்கு அவர் தரும் பாவுநூல் வேறு வீட்டுக்குப் போய்விடும். டாக்டர் அறை வாசலில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் அவர் தெருக்காரர்கள். அந்த உறுப்பை அவள் உடம்பு தள்ளிவிடாமலிருக்கத் தினமும் விழுங்கும் மாத்திரைகள் பிரஷர் டப்பாவுக்குள் இருந்தன. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லாமலே கெட்டார்.

ரத்தத்தில் நோயில்லை என்று சீட்டு வந்தது. மனுஷன் சிதறுதேங்காய் உடைத்தார். நரம்பு வீக்கம் வற்ற டாக்டர் மாத்திரை கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் அதிகமாயிற்று. கரண்டி விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். சர்க்கரை டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, எதற்குத் திறந்தோம் என்று அழுதாள். ஒன்பதாம் நாள் வலது கன்னமும் தொங்கிற்று. சிரிப்பில்லை, அழுகையில்லை, இமைப்பில்லை. முகம் இருந்தது, தேவகியைக் காணோம்.

"இடது பக்கம் யாருங்க உட்கார்ந்துக்கினு இருக்காங்க?" என்று தறியைப் பார்த்துக் கேட்டாள் ஒருநாள். இடது பக்கம் அவருடைய இடம். அவர் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

அமாவாசையன்று மறுபடி போன்.

"அப்பா, கிட்னி மாத்திரை பத்தி டாக்டர் கிட்ட சொன்னீங்களா இல்லையா?"

செருப்பை மாட்டவும் மறந்து ஓடினார். எல்லார் முன்னாலும் சொன்னார். டாக்டரின் கையிலிருந்த பேனா நின்றது.

"ஏன்யா மறைச்சே? அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடாதுய்யா. கிருமியோட சண்டை போட உடம்பு பண்ற ஆயுதத்தைத் தேடும். அவங்க சாப்பிடற மாத்திரை அந்த ஆயுதத்தையே பண்ண விடாது. காவல்காரனைத் தூங்க வெச்சுட்டு, திருடன் வந்தானான்னு அவனையே கேட்டிருக்கோம்." குரல் இறங்கியது. "போதாததுக்கு வீக்கத்துக்கு நான் கொடுத்த மாத்திரையும் அவனுக்குத் தூக்க மாத்திரை மாதிரி ஆயிடுச்சு. முதுகுத்தண்டு நீரை எடுத்து, கிருமியையே நேரா தேடணும். இப்பவே மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போ."

"பொழைச்சுக்குவாளா சார்?"

"சீக்கிரம் போ."

தெருமுனையில் திரும்பும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அமாவாசைக்கு அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. பாவு நீட்டுகிற இடம் காலி, வாசல்கள் சாத்தியிருந்தன, தன் வெறுங்கால் சத்தமே அவருக்குக் கேட்டது. அப்புறம் இன்னொரு சத்தம்.

தடக். தடக்.

ஒரே ஒரு தறி. அவர் வீட்டுத் தறி.

கதவு திறந்திருந்தது. விளக்கு ஏற்றவில்லை. தன்னுடைய இடத்தில், வலது பக்கம், தேவகி உட்கார்ந்திருந்தாள். உயிர் வந்தது அவருக்கு.

"தேவகி, எழுந்திரு. மெட்ராஸ் போவணும்மா."

அவள் திரும்பினாள். அசையாத முகம். மூடாத இரண்டு கண்கள். உதடு கூடாமல் வார்த்தை வழிந்தது.

"யாருங்க நீங்க? அமாவாசை அதுவுமா உள்ளே வர்றீங்களே. எங்க வூட்டுக்காரரு கோச்சுக்குவாரு."

"நான்தாம்மா..."

அவள் கேட்கவில்லை. நாடாவை இடது பக்கம் அனுப்பினாள். இடது பக்கம் யாருமில்லை. வெறும் பலகை. வெறும் குழி.

அந்தக் குழிக்குள் மிதிகட்டை தாழ்ந்தது.

நாடா திரும்பி வந்தது. அரை நொடிகூடத் தாமதமில்லை.