கோழி காட்டிய எதிரி

செம்பனூரில் இப்போது யாரும் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வீடு கூவுணரி வந்தபின் பருந்து, வல்லூறு எல்லாம் கண் கருகி விழுந்து தீர்ந்துவிட்டன.

ஊரிலேயே கடைசியாக வாங்கியவள் மங்களேஸ்வரி. மிச்சமிருந்த ஒற்றைப் பருந்து அவள் வீட்டுக் குஞ்சுகளையே குறிவைத்துத் தூக்க, வயிறெரிந்து வாங்கினாள். கொல்லை நடுவே ஒரு கம்பம், உச்சியில் தேங்காய் அளவு கறுப்பு உருண்டை, அவ்வளவுதான். முன்பு வந்த கருவிகள் உருவத்தைப் பார்த்துச் சுட்டதில் புறாவும் கொக்கும் செத்தன. அதனால் புதியதில் தீர்ப்பைக் கோழியிடமே விட்டுவிட்டார்கள். ஆபத்தைக் கண்டால் கோழி தொண்டைக்குள் ‘க்ர்ர்ர்’ என்று ஒரு குரல் இழுக்குமே, அதைக் கேட்டதும் கூவுணரி கோழி பார்க்கும் திசைக்குத் திரும்பும். அங்கே நிற்பதன் கண்ணைக் கதிரால் பொசுக்கிவிடும்.

“மனுசரைச் சுட்டுறாதே தம்பி?” என்று பொருத்த வந்தவனிடம் கேட்டாள்.

“கோழி கத்துனாத்தான் சுடும்மா. மனுசரைப் பாத்து அது ஏன் கத்தப்போவுது?”

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மகள் தமயந்திக்கு அடுத்த மாதம் பிரசவம். துணைக்கு மாமியாரை அழைத்துப்போக மாப்பிள்ளை முத்திருளன் இன்று வருகிறான். தங்கமான பிள்ளை. “ரசமும் சோறும் போதும் அத்தை” என்றுதான் எப்போதும் சொல்வான். இவள் விட்டால்தானே? மாப்பிள்ளை வந்து கோழியடிக்காமல் அனுப்பினால் ஊர் சிரிக்காதா? ஆனால் வளர்த்த கோழியை அறுக்க இவளுக்குக் கை வராது. பிடிப்பதும் அறுப்பதும் அவன் தலையில் விழுந்தன. போகப்போக, அவன் பைக் சத்தம் கேட்டாலே கோழிகள் வேலியோரம் போய் ஒண்டிக்கொள்ளும்.

“எங்க வீட்டுக் கோழிகூட மாப்பிள்ளைக்கு மரியாதை குடுக்குது” என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

கூவுணரி வந்தபின் அவன் வருவது இதுதான் முதல் முறை.

“அத்தை, எங்க இருக்கீக?”

“அடுப்படியில மாப்ள! கொல்லைக்கு வாங்க. அந்தச் செவலைக் கோழியப் புடிச்சு வைங்க, அருவா எடுத்துட்டு வாரேன்.”

‘க்ர்ர்ர்.’ முதலில் ஒரு கோழி. அடுத்த நொடி கொல்லை முழுக்க அதே குரல்.

அவள் ஓடிவந்தபோது முத்திருளன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டான். “அத்தை, கண்ணு! ஒண்ணுந் தெரியல அத்தை!”

கம்பத்திலிருந்து இனிமையான பெண்குரல் ஒன்று, “எதிரி முடக்கப்பட்டது” என்றது.

ஐயோ, பிறக்கப்போகிற பிள்ளை முகத்தை இனி எப்படிப் பார்ப்பான்! நிறுத்தும் பொத்தான் கம்பத்தின் அடியில், கோழிகளுக்கு நடுவே இருந்தது. மங்களேஸ்வரி வெறி வந்தவளாக அதை நோக்கிப் பாய்ந்தாள்.

செவலை தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவள் கையைப் பார்த்தது. கையில் அரிவாள் இருந்தது. செவலையின் கழுத்து விடைத்தது, தொண்டைக்குள் ‘க்ர்’ என்று லேசாக இழுத்தது. கறுப்பு உருண்டை மெல்ல அவள் பக்கம் திரும்பத் தொடங்கியது.

அரிவாளை முதுகுக்குப் பின்னால் மெதுவாக நழுவவிட்டாள். மடியைத் துழாவினாள், காலையில் தீனி போட்டு மிஞ்சிய அரிசி கொஞ்சம் கிடந்தது.

“கத்தாதீங்க மாப்ள, உங்க காலைப் புடிக்கிறேன், கத்தாதீங்க” என்று முணுமுணுத்தாள். பிறகு முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, அரிசியை இறைத்தபடி ஓரடி எடுத்து வைத்தாள்.

“பா... பா... பா...”