அயல் சர்க்கரை

எங்கள் தூயகம் குடியிருப்பில் வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு நிற்போம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோமதிநாயகம் வீடு வீடாக வந்து, பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டிக் குப்பியில் போட்டு மூடுவார். "சுத்தம்தானே?" என்று கேட்டுச் சிரிப்பார். நாங்களும் சிரித்து வைப்போம். அந்தக் குப்பிகள் வந்து சேரும் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை.

செல்களின் மேற்பரப்பில் வளர்ச்சி ஏற்பிகள் என்று உண்டு. வளரச் சொல்லும் செய்தியை வாங்கி உள்ளே அனுப்பும் புரதங்கள். அவற்றின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைவிட்டு நிற்கும். நொதியால் அவற்றை நறுக்கியெடுத்துச் சங்கிலிமானி என்ற கருவியில் ஏற்றினால் அறிக்கை இரண்டு பக்கமாக வரும். செல் ஒழுங்காக வளர்கிறதா, புற்றாகத் திரும்புகிறதா என்று முதல் பக்கம் சொல்லும். சோதனையைக் கண்டுபிடித்ததே அதற்காகத்தான். இரண்டாம் பக்கத்தில் அயல் சர்க்கரை. மனித உடம்புக்குச் செய்யத் தெரியாத சர்க்கரை அது. ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ தின்றால் வந்து சங்கிலியில் ஒட்டிக்கொள்ளும். பாலிலும் கொஞ்சம் உண்டு என்பதால் ஓர் அளவு வைத்திருந்தார்கள். அளவைத் தாண்டினால் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சைவர்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டிய காலம் போய், செல்லையே விசாரிக்கும் காலம் வந்திருந்தது.

சங்கத்துக்கு இரண்டாம் பக்கம் போதும். முதல் பக்கத்தைத் திறக்கத் திரையில் ஒரு தட்டுத் தட்டினால் ஆயிற்று. யாரும் கேட்பதில்லை, நாங்களும் திறப்பதில்லை.

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. என் கணவர் குணாளன் விருதுநகர்க்காரர். கல்யாணத்துக்கு முன் ஞாயிறு தவறாமல் மட்டன் சாப்பிட்டவர். மகள் படிக்கும் பள்ளி இந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதற்காகச் சங்கத்தின் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கறியை விட்டார். விட்டாராம். போன வருடம் ஜூன் மாதம் வீட்டுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழ ஆரம்பித்தார். குழம்பில் காரம் வேண்டாம் என்றார். சட்டைப்பையில் எந்நேரமும் கிராம்பு. வெளியே வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்து வாடையை மறைக்கிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

சொந்தக்காரர்களின் குப்பியை நாங்கள் தொடக் கூடாது என்பது விதி. குப்பியில் எண்தான் இருக்கும். அவர் எண் எனக்குத் தெரியாதா? அந்த ஜூலையில் போட்டுப் பார்த்தேன். அனுமதித்த அளவைப் போல நாலு மடங்கு.

"எந்தக் கடை?" வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்.

"என்ன கடை?"

"நடிக்காதீங்க. நாலு மடங்கு காட்டுது."

"கறி இருக்குற பக்கமே போகல மங்கை. நம்ம புள்ள மேல சத்தியம்."

"மெஷின் பொய் சொல்லுமா?"

"அப்ப நான் சொல்றனா?"

"ஆமா."

கன்னத்தைக் கையால் அழுத்தியபடி அவர் உள்ளே போனார். கோபத்தில் பல்லைக் கடிக்கிறார் என்று நினைத்தேன்.

வீடு போனால் மகளின் பள்ளியும் போய்விடும். மறுநாள் என் கன்னத்தைச் சுரண்டி அவர் எண்ணில் ஏற்றினேன். ஜனவரியிலும் அப்படியே செய்தேன். எங்கள் கதவில் 'தூய குடும்பம்' என்ற வில்லையைக் கோமதிநாயகமே தன் கையால் ஒட்டினார். அத்தனை மாதமும் நான் குணாளனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைக்கும்போது, "இங்க எதுக்கு, அங்கேயே முடிச்சிட்டு வரலாமே" என்பேன்.

மார்ச்சில் அவருக்கு வாய் திறக்க முடியாமல் போயிற்று. உள்கன்னத்தில் புற்று, தாடை எலும்பு வரை பரவிவிட்டது என்றார் மருத்துவர். நான் மருத்துவரைத் தனியாகப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டேன்.

"கறி சாப்பிடாமலே அயல் சர்க்கரை ஏறுமா டாக்டர்?"

"நல்லா ஏறும்மா. புத்துக்கு அதுன்னா உசுரு. பால்ல வர்ற துளியக்கூட இழுத்து இழுத்துச் சேத்து வெச்சுக்கும். ஒரு எட்டு மாசம் முன்னாடி பாத்திருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்கும்."

அங்கிருந்து நேராக ஆய்வகத்துக்குப் போனேன். ஜூலையில் மாற்றுவதற்கு முன் எடுத்து மறைத்து வைத்திருந்த அவருடைய அறிக்கையில் முதல் பக்கத்தைத் திறந்தேன். மேலிருந்து கீழ் வரை சிவப்பு.

மறுநாள் தாடையில் பாதியை எடுப்பதாக இருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்தவர் குழறலாகச் சிரித்தார்.

"வாங்குன திட்டுக்கு ஒரு நாளாச்சும் தின்னுருக்கலாம்."

நான் அழுதுவிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"எங்கிட்ட என்னமோ மறைக்கிற நீ."

"ஒண்ணுமில்ல."

"நெசமா?"

"நம்ம புள்ள மேல சத்தியம்" என்றேன்.

அவர் உடனே நம்பிவிட்டார்.