நாளுக்கு நாலு முறை விழவேண்டும்

செவ்வாயின் செம்மண் நகரில் மாலை ஐந்தடித்தால் போதும், ஆடுகளம் களைகட்டிவிடும். கண்ணாடிக் கூரைக்குக் கீழே நாற்பது ஏவலிகள், அதாவது வீட்டுவேலை ரோபோக்கள், சறுக்குமரத்தில் ஏறுவதும் சறுக்குவதும் மணலில் தொப்பென்று விழுவதுமாக இருக்கும். ஒவ்வொன்றின் மணிக்கட்டிலும் ஒரு குழந்தையின் காப்பு. குழந்தைகள் எங்கே என்கிறீர்களா? வீட்டில், டியூஷனில்.

காப்பு அரசாங்கம் மாட்டியது. செவ்வாயில் எடை குறைவு. பூமியில் மூட்டையாகக் கனப்பது இங்கே கைப்பையாக இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் பிஞ்சு எலும்பு தேறாது. ஆகவே ஐந்து வயதுவரை தினம் இரண்டு மணி நேரம் எடைச்சட்டை போட்டுக்கொண்டு ஓட வேண்டும், ஏற வேண்டும், நாலு முறையாவது விழ வேண்டும் என்று சட்டம். அத்தனையையும் காப்பு எண்ணிக்கொள்ளும். யார் கையில் இருக்கிறோம் என்று மட்டும் அது பார்க்காது.

யாழ்மொழியின் மகள் நறுமுகைக்கு அடுத்த மாதம் ஐந்து முடிகிறது. பூமியில் ஒன்றாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுதி, செவ்வாயிலேயே முதலிடம் வாங்கிவிட்டாள். தினம் அந்த இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடித்ததால்தான் இது நடந்தது என்று யாழ்மொழிக்கு உள்ளூரப் பெருமை. அவர்கள் வீட்டு ஏவலி பட்டு, இரண்டு வருடமாக ஒருநாள்கூடத் தவறாமல் விழுந்திருந்தது. நறுமுகை அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கைதட்டுவாள்.

கப்பல் ஏறுமுன் கடைசியாக எடைச் சோதனை. டாக்டர் பிலோமினா குழந்தையைச் சுழல் அறையில் நிறுத்தி, பூமியின் எடை வரும்வரை அறையை மெல்லச் சுழல விட்டார். நறுமுகையின் முழங்கால் மடங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, என் மேல யாரோ உக்காந்திருக்காங்கம்மா!”

டாக்டர் அறையை நிறுத்திவிட்டுக் காப்பின் கணக்கைப் பார்த்தார். “ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் தடவை விழுந்திருக்கா. முட்டியில ஒரு தழும்புகூட இல்லையே, யாழ்மொழி?”

யாழ்மொழியால் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். பாவி, என் பிள்ளையின் காலை நானே முடக்கிவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

“அழாதீங்க. சின்ன எலும்பு, இன்னும் நேரமிருக்கு. பயணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்க. பிள்ளைய வெளியில விடுங்க. ஓடட்டும், விழட்டும். வேற மருந்து கிடையாது.”

“சத்தியமா விடறேன் டாக்டர்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு யாழ்மொழி குறிப்பேட்டைத் திறந்தாள். “விளையாட்டுக்கு நல்ல டியூஷன் எங்க இருக்கு?”

“டியூஷனா?”

“எதுக்கும்மா? பட்டுவே சூப்பரா சறுக்கும். நான் அதுகூடப் போறேன்,” என்றாள் நறுமுகை, தரையில் உட்கார்ந்தபடியே.

“சும்மா இரு கண்ணு. பட்டுகிட்ட சர்டிபிகேட் இல்ல,” என்ற யாழ்மொழி, டாக்டர் பக்கம் திரும்பினாள். “சனி ஞாயிறும் வகுப்பு இருந்தா தேவலை டாக்டர். விழறதுல பிள்ளை கொஞ்சம் பின்தங்கியிருக்கு.”