பாலத்திலிருந்து ஒரு படம்

வீட்டில் எல்லோரும் அவளைத் 'துறுதுறு' என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பத்து. இரண்டு நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால், காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

அன்று விடியும்போதே அக்கா, அப்பாவோடு அவள் கடற்கரையில் இருந்தாள். கழுத்தில் அப்பாவின் கேமரா.

அக்கா அலைச்சறுக்கு அணியில் சேர வேண்டும். அதற்கு அலைமேல் நிற்கிற படம் ஒன்றைக் காலை ஒன்பது மணிக்குள் பயிற்சியாளருக்கு அனுப்ப வேண்டும். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். நேற்று மதியம் எடுத்த படங்களில் வெயில் சுள்ளென்று அடித்து, அக்காவின் கண்களே காணாமல் போயிருந்தன.

"இளம் வெயில்லதான் படம் நல்லா வரும். அரை மணி நேரம்தான் இருக்கும்" என்றார் அப்பா.

கடலிலிருந்து சூரியன் எழுந்தது. அக்கா பலகையில் ஏறி நின்றாள். கரையைப் பார்த்தாள். தொப்பென்று விழுந்தாள்.

துறுதுறு கேமராத் திரையைப் பார்த்தாள். ஒரே கறுப்பு உருவம்.

"அப்பா, இது அக்காவா, விளக்குக் கம்பமா?"

"சூரியன் அவளுக்குப் பின்னால இருக்கே. கொஞ்சம் மேல வரட்டும்."

"மேல வந்தா நேத்து மாதிரி ஆயிடும்பா."

அவள் இடப்பக்கம் ஓடினாள், வலப்பக்கம் ஓடினாள். எங்கே நின்றாலும் விளக்குக் கம்பம்தான். சூரியனோ நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது முறையும் விழுந்த அக்கா கரைக்கு வந்தாள். "நீ படம் எடுக்கிறேன்னு நெனச்சாலே கால் நடுங்குது. விட்டுடலாம்டி."

உண்மைதான். ஒவ்வொரு முறையும் கேமராவைப் பார்த்த பிறகுதான் அக்கா விழுந்தாள். துறுதுறு சுற்றிலும் பார்த்தாள். கடலுக்குள் நீளும் மரப்பாலம் கண்ணில் பட்டது. அங்கே போனால் சூரியன் தன் முதுகுப் பக்கம் வந்துவிடும்.

"அக்கா, கேமராவ மறந்துடு. சும்மா உனக்குப் பிடிச்ச மாதிரி ஏறு. நான் இங்க நிக்கப் போறதில்ல."

"எங்க போற?"

"சொன்னா அங்கயே பாப்ப."

சொல்லிவிட்டு ஓட்டமெடுத்தாள். அப்பா மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்.

பாலத்தின் கோடியில் கைப்பிடிக் கம்பி ஓரம் நின்று கரைப்பக்கம் திரும்பினால், அலை, நுரை, அக்கா எல்லாமே மஞ்சள் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தன.

ஆனால் இப்போது அசையாமல் நிற்க வேண்டும். கால் குறுகுறுத்தது. மூக்கு அரித்தது. முழங்கைகளைக் கம்பியில் அழுத்திக்கொண்டாள். ஓர் அலை போனது. இன்னொன்றும் போனது. அக்கா கரையில் அவளைத் தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள்.

அடுத்த அலை உயரமாக வந்தது. அக்கா எழுந்தாள், முழங்காலை மடக்கினாள், அலையின் குறுக்கே பாலத்தின் பக்கமாகச் சறுக்கி வந்தாள். தன்னை மறந்து சிரித்தாள்.

கிளிக். கிளிக். கிளிக்.

ஏழு மணிக்கெல்லாம் படம் அப்பாவின் போனுக்கு மாறி, பயிற்சியாளருக்குப் போனது. சற்று நேரத்தில் பதில் வந்தது: 'திங்கள்கிழமை ஆறு மணிக்குப் பயிற்சிக்கு வந்துடுங்க.'

அக்கா பதிலை ஒரு தடவைதான் படித்தாள். படத்தைத்தான் கேமராத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வீடு வந்து சேரும்வரை கேமராவை யாரிடமும் அக்கா தரவேயில்லை.